சைல்டா, கிட்டா, யூத்தா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாயங்காலம் வீட்டு மாடியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். பகலில், மற்றவர்கள் எழுதிக்கொண்டு வரும் விண்ணப்பம், கடிதம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றைத் திருத்திக் கொடுக்கிறேன். இலக்கணத்தை விட அதிகமாக என்னிடம் வரும் சந்தேகம் ஒன்று உண்டு: சின்னப் பிள்ளைகளையும் இளவட்டங்களையும் ஆங்கிலத்தில் எந்தச் சொல்லால் குறிப்பது? அகராதியைப் புரட்டினால் குழந்தை, சிறுவர், இளைஞர் என்று மூன்றையே மாற்றி மாற்றிப் போட்டிருக்கும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

சைல்ட், கிட் ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்? அப்புறம் எதுக்கு ரெண்டு வார்த்தை?

பொருள் ஒன்றுதான், புழங்கும் இடம் வேறு. கிட் என்பது லுங்கி மாதிரி, வீட்டோடு சரி. சைல்ட் என்பது வேட்டி. வீட்டிலும் கட்டலாம், கல்யாணத்துக்கும் கட்டிக்கொண்டு போகலாம். பேச்சில் "மை கிட்ஸ் ஆர் அட் ஹோம்" என்பது இயல்பு. தலைமை ஆசிரியருக்கு எழுதும் விடுப்புக் கடிதத்தில் "மை கிட் ஹேஸ் ஃபீவர்" என்று எழுதினால் புரியும், ஆனால் படிக்கிறவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்.

அமெரிக்காவில் கிட் நிறைய இடம் பிடித்துவிட்டது. ஆசிரியரே பெற்றோரிடம் "யுவர் கிட்" என்பார். ஆனால் அங்கேயும் சட்டத்தில், படிவத்தில், மருத்துவக் குறிப்பில் சைல்ட்தான். சந்தேகம் வந்தால் சைல்ட் போடுங்கள். அது எந்த இடத்திலும் மரியாதைக் குறைவாகப் படாது.

ஏம்மா, கிட்னா ஆட்டுக்குட்டிதானே? பேரப் புள்ளைய ஆடுங்குறாங்களே, இது நல்லாவா இருக்கு?

ஆட்டுக்குட்டிதான் ஐயா, நீங்கள் சொல்வது சரி. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் மனிதப் பிள்ளைகளுக்கும் கொச்சையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். கொச்சை மெல்ல மெல்ல செல்லமாகிவிட்டது.

நாமும் அதைத்தானே செய்கிறோம்? "என் குட்டி", "குட்டிப் பாப்பா", "கன்னுக்குட்டி" எல்லாம் எங்கிருந்து வந்தன? தொல்காப்பிய மரபியல், இளமைப் பெயர்களாக பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பதைச் சொல்கிறது. இதில் ஆட்டின் இளமைக்குரியது மறி. மக்களுக்குக் குழவி, மகவு இரண்டும்தான் உரியவை என்று அங்கே கறாராக வரம்பு கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகூட அந்தக் கணக்கில் மனிதருக்கு இல்லை. கிளிப்பிள்ளை, தென்னம்பிள்ளை என்று இன்னமும் சொல்கிறோமே, அந்த வழி. இன்று பிள்ளை என்றாலே மனிதப் பிள்ளைதான் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்தில் ஆடு ஏறிய படியில்தான் தமிழில் கிளியும் தென்னையும் ஏறியிருக்கின்றன.

சைல்ட்ஸ், சில்ட்ரன்ஸ், எது கரெக்ட்?

இரண்டும் இல்லை. ஒருவர் சைல்ட், பலர் சில்ட்ரன். அதற்கு மேல் ஒரு 'ஸ்' ஒட்டினால் "மக்கள்கள்" என்பது போல. சில்ட்ரன் என்பதிலேயே இரண்டு பன்மை விகுதிகள் ஒட்டியிருக்கின்றன. பழைய ஆங்கிலத்தில் ஒன்று இருந்தது, அது பழகிப்போனதும் பின்னால் வந்தவர்கள் இன்னொன்றைச் சேர்த்தார்கள். மூன்றாவதை நாம் சேர்க்க வேண்டாம். உடைமையைச் சொல்லும்போது மட்டும், அதாவது குழந்தைகளின் நாள், குழந்தைகளின் பூங்கா எனும்போது, மேற்குறியோடு (அபாஸ்ட்ரஃபி) 'ஸ்' வரும்.

எத்தனை வயசு வரைக்கும் சைல்ட்னு சொல்லலாம்? 18 தானே?

18 என்பது பொதுவான பதில். ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டு குழந்தை உரிமை உடன்படிக்கை 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் சைல்ட் என்கிறது. நாட்டுச் சட்டம் முன்னதாகவே ஒருவரை வயது வந்தவராக ஏற்றுக்கொண்டால் மட்டும் விலக்கு. இந்தியா அதில் 1992-இல் இணைந்தது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்திலும் 18 தான்.

ஆனால் மொழிபெயர்க்கிறவர்கள் இதோடு நிறுத்திவிடக் கூடாது. 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டத்தில் சைல்ட் என்றால் 6 முதல் 14 வரை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில், 2016 திருத்தத்துக்குப் பிறகு, 14 வரை சைல்ட், 14 முதல் 18 வரை அடலசன்ட். 2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. ஓட்டுப் போட்டுவிட்டு விரலில் மையோடு வரும் 20 வயதுப் பையன், அந்தச் சட்டத்தின் கண்ணுக்குச் சைல்ட்!

பயணச் சீட்டு இன்னொரு உலகம். விமானத்தில் 2 வயது நிரம்பும் வரை இன்ஃபன்ட், அதன்பின் 12 வரை சைல்ட். ரயிலில் 5 வயதுக்குக் கீழே தனிப் படுக்கை கேட்காவிட்டால் சீட்டே வேண்டாம். 5 முதல் 12 வரை சைல்ட். ஆகவே "சைல்டுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டால், "எந்தத் தாளில்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் மகனுக்கு 34 வயசு, அவனுக்கே ரெண்டு புள்ளைங்க. அவனை "மை சைல்ட்"னு சொல்றது தப்பா மேடம்?

தப்பே இல்லை. சைல்ட் என்பதற்கு இரண்டு வேலை: ஒன்று வயதைச் சொல்வது, இன்னொன்று உறவைச் சொல்வது. "எனக்கு மூணு பிள்ளைங்க" என்று எண்பது வயதுப் பாட்டி சொன்னால் யாரும் வயதைக் கணக்குப் பார்ப்பதில்லையே, அதே மாதிரி. "ஐ ஹேவ் த்ரீ சில்ட்ரன்" எனலாம், "மை கிட்ஸ்" என்றும் சொல்லலாம். எதிரில் இருப்பவர் சின்னக் குழந்தை என்று எண்ணிவிடுவார் என்று தோன்றினால் "மை சன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், வம்பே இல்லை.

பேபி, இன்ஃபன்ட், டாட்லர்... கைக்குழந்தைக்கு எதுக்கு இத்தனை பேரு?

நாம் பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம் வைத்துப் பாடியவர்கள், அவர்கள் மூன்று வைத்தால் குறை சொல்லக் கூடாது!

பேபி எல்லோரும் சொல்வது. இன்ஃபன்ட் மருத்துவமனைச் சொல், விமானச் சீட்டிலும் வரும். 'பேசாதது' என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எதிர்வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு "வாட் எ க்யூட் இன்ஃபன்ட்" என்றால் நர்ஸ் பேசுவது போல இருக்கும். டாட்லர் என்பது தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை. ஒரு வயதுக்கு மேல் மூன்று வயது வரை பொதுவாகச் சொல்லலாம். பிள்ளைத்தமிழில் வருகைப் பருவம் என்று சொல்வோமே, குழந்தையை நடந்து வரச் சொல்லிக் கூப்பிடுவது, அந்தப் பருவத்துக்குக் கிட்டத்தட்ட நிகரான ஆங்கிலச் சொல் இது. தவழ்கிற குழந்தையை டாட்லர் என்று எழுதி வந்தால் அந்தச் சொல்லை அடித்துவிடுவேன்.

டீனேஜர்ல 11, 12 வயசு வருமா? பதினொண்ணுலயும் "பதின்" இருக்கே?

இதைக் கேட்டது ஆறாம் வகுப்புப் பெண். அவளை அன்றைக்கு வகுப்புக்கு முன்னால் நிறுத்திப் பாராட்டினேன்.

ஆங்கில எண்களில் 'டீன்' என்று முடிபவை தர்ட்டீன் முதல் நைன்டீன் வரைதான். லெவன், ட்வெல்வ் இரண்டிலும் அந்த விகுதி இல்லை. ஆகவே டீனேஜர் என்றால் 13 முதல் 19 வரை, அவ்வளவுதான். தமிழில் பத்தின் நிழல் பதினொன்றிலேயே விழுந்துவிடுகிறது. பத்தொன்பதில் 'பதின்' என்ற உருவமே இல்லை. அதனால் பதின்பருவம், பதின்ம வயது என்ற நம் மொழியாக்கங்கள் அழகாக இருந்தாலும் வயது வரம்பைக் காட்டிக்கொடுக்காது. 11, 12 வயதுக்காரர்களை ப்ரீடீன் அல்லது ட்வீன் என்பார்கள்.

இன்னொரு பிழையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "இன் மை டீனேஜ்" என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் "இன் மை டீன்ஸ்" அல்லது "வென் ஐ வாஸ் எ டீனேஜர்". டீனேஜ் என்பது "டீனேஜ் கேர்ள்" என்பது போல இன்னொரு சொல்லுக்கு முன்னால் நிற்க வேண்டியது.

அப்போ அடலசன்ட்னு சொன்னாலும் டீனேஜர்தானே?

கிட்டத்தட்ட. ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அடலசன்ட் 10 முதல் 19 வரை. டீனேஜர் எண்ணைப் பார்க்கிறது. அடலசன்ட் உடம்பும் மனமும் வளர்வதைப் பார்க்கிறது. நம் சுகாதாரத் துறை இதற்கு "வளரிளம் பருவத்தினர்" என்று எழுதுகிறது, நல்ல சொல். லத்தீனில் அடலசன்டும் அடல்டும் ஒரே வினையிலிருந்து பிறந்தவை. முன்னது வளர்ந்துகொண்டிருப்பவர், பின்னது வளர்ந்து முடித்தவர். நமது வினைத்தொகை மாதிரி "வளர்பிறை" என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

இது மருத்துவர், உளவியலாளர், ஆய்வாளர் வாயில் வரவேண்டிய சொல். "மை அடலசன்ட் இஸ் ஸ்லீப்பிங்" என்று எந்த அம்மாவும் சொல்வதில்லை.

நான் "ஐ ஆம் யூத்"னு சொன்னா இன்டர்வியூல சிரிக்கிறாங்க மிஸ். ஏன்?

தமிழில் யூத்து என்பது பண்புப் பெயராகவே மாறிவிட்டது. தலைக்குச் சாயம் பூசிய மாமாவைப் பார்த்து "செம யூத்தா இருக்கீங்க" என்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வேலையை யங் என்ற சொல்தான் செய்யும்: "ஐ ஆம் யங்". ஆள் வயதைக் காட்டிலும் துடிப்பாக இருக்கிறார் என்றால் யூத்ஃபுல்.

யூத் என்பதற்கு மூன்று பயன்பாடுகள் உண்டு. இளமைக்காலம் என்ற பொருளில் "இன் மை யூத்" எனலாம். இதைச் சொல்பவருக்கு நரை விழுந்திருக்க வேண்டும், 22 வயதில் சொன்னால் கேலியாகிவிடும். இளைய தலைமுறை முழுவதையும் சேர்த்து "தி யூத் ஆஃப் இந்தியா" எனலாம். அங்கே 'ஸ்' வேண்டாம். மூன்றாவது, தனி ஓர் இளைஞன். அதில்தான் சிக்கல், அடுத்த கேள்வியில் வருகிறது.

வயது வரம்பு கேட்பீர்கள். ஐ.நா. தன் புள்ளிவிவரங்களுக்கு 15 முதல் 24 வரை என்று வைத்திருக்கிறது. இந்தியாவின் 2003-ஆம் ஆண்டு தேசிய இளைஞர் கொள்கை 13 முதல் 35 வரை என்றது. 2014-ஆம் ஆண்டுக் கொள்கை அதை 15 முதல் 29 என்று சுருக்கியது. அந்த ஒரு தாளால் 30 வயதுக்காரர்கள் ஒரே நாளில் கிழவர்களானார்கள். நம் ஊர் இளைஞர் அணிப் பொறுப்பாளர்களின் வயதை மட்டும் தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள்.

இங்கிலீஷ் பேப்பர்ல "த்ரீ யூத்ஸ் அரெஸ்டட்"னு போடறான், ஆனா பொண்ணுங்கள அப்படிப் போடறதில்லையே?

நல்ல கவனிப்பு. ஒருமையில் "எ யூத்" என்றும் பன்மையில் "யூத்ஸ்" என்றும் வந்தால் பெரும்பாலும் ஆண்பிள்ளை, அதுவும் செய்தியில் வந்தால் அடிதடி, திருட்டு, விபத்து என்ற வாடை அதில் ஒட்டியிருக்கும். பெண்ணுக்கு "யங் உமன்" என்று போடுவார்கள். ஆகவே உங்கள் தெரு நூலகத்தில் உதவிக்கு வந்த நான்கு பையன்களைப் பாராட்டி எழுதும்போது "ஃபோர் யூத்ஸ்" என்று போடாதீர்கள். "ஃபோர் யங் மென்" என்றோ, ஆணும் பெண்ணும் கலந்திருந்தால் "யங் பீப்பிள்" என்றோ எழுதுங்கள். யங் பீப்பிள் அதிகம் பாராட்டப்படாத சொல், ஆனால் பாதிச் சிக்கலை அது தீர்த்துவிடும்.

யங்ஸ்டர்?

சொல்லலாம். ஆனால் சொல்கிறவருக்கு வயதாகிவிட்டது என்று காட்டிக்கொடுக்கும். "இந்தக் காலத்துப் பசங்க" என்று நாம் ஆரம்பிக்கும் தொனி அது.

மைனர்னா ஊர்ல செயின் போட்டுட்டு சுத்துறவர்தானே? சட்டத்துல ஏன் குழந்தைய மைனர்ங்குறாங்க?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மைனர் என்றால் லத்தீனில் சிறியவர். 1875-ஆம் ஆண்டு இந்திய மேஜாரிட்டி சட்டத்தின்படி 18 நிரம்பியவர் மேஜர், நிரம்பாதவர் மைனர். சொத்தை விற்கவோ ஒப்பந்தம் போடவோ முடியாதவர். வங்கியில், பான் அட்டையில், பத்திரத்தில் இந்தப் பொருளில்தான் வருகிறது.

அப்படியானால் நம் ஊர் மைனர் எப்படி வந்தார்? வெள்ளைக்காரன் காலத்தில் ஜமீன்தார் இறந்து வாரிசு சின்னப் பையனாக இருந்தால், கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற அரசு அமைப்பு அந்த ஜமீனைப் பொறுப்பில் எடுத்து நிர்வகிக்கும். பையன் பெயர் தாள்களில் மைனர். கையில் காசு உண்டு, பொறுப்பு இல்லை. ஊர் அவரைக் கூப்பிட்ட பெயர் வயதானபின்னும் ஒட்டிக்கொண்டது, பின்னால் காசைக் காட்டி அலைகிற எல்லோருக்கும் பரவிவிட்டது என்பது என் கணிப்பு. ஆங்கிலேயரிடம் போய் "ஹி இஸ் எ மைனர்" என்று சொன்னால் சிறுவன் என்றுதான் புரிந்துகொள்வார், மல்லுவேட்டியும் செயினும் அவர் கண்ணுக்குத் தெரியாது.

பேச்சில் இதைப் பயன்படுத்த வேண்டாம். "மை சன் இஸ் எ மைனர்" என்று பக்கத்து வீட்டாரிடம் சொன்னால் ஏதோ வழக்கு நடக்கிறது என்று நினைப்பார்.

ஜுவனைலை "இளைஞர்"னு மொழிபெயர்த்தேன், எடிட்டர் அடிச்சுட்டார். ஆனா கவர்மென்ட்லயே "இளைஞர் நீதிக் குழுமம்"னுதானே போடறாங்க?

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அமைப்பின் பெயரை அரசு எழுதுகிறபடியே எழுத வேண்டும், அது பெயர்ச்சொல். ஆனால் செய்தியின் உடலில் 15 வயதுப் பையனை இளைஞர் என்று எழுதினால், படிப்பவர் மனதில் மீசை வைத்த 25 வயது ஆள் வந்து நிற்பான். சிறுவன், சிறார் என்று எழுதுங்கள்.

ஜுவனைல் என்ற சொல்லே ஆங்கிலத்தில் கறை படிந்துவிட்டது. வெறுமனே "எ ஜுவனைல்" என்றால் காவல் நிலையம்தான் நினைவுக்கு வரும். 2000-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், குற்றம் சாட்டப்பட்ட சிறுவரை "ஜுவனைல் இன் கான்ஃப்ளிக்ட் வித் லா" என்றது. 2015-இல் வந்த புதிய சட்டம் அதே இடத்தில் "சைல்ட்" என்று மாற்றியது. தலைப்பு, குழுமத்தின் பெயர் போன்ற சில இடங்களில் பழைய சொல் தங்கிவிட்டது. சட்டமே பெரும்பாலும் கைவிட்ட சொல்லை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? மீன், பறவை ஆகியவற்றின் இளம் பருவத்துக்கும் ஜுவனைல் என்பார்கள். அங்கே எந்தக் கறையும் இல்லை.

ஸ்கூல் சர்குலர்ல "யுவர் வார்டு"னு வருது. என் பொண்ணு என்ன ஆஸ்பத்திரியா?

சிரித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். வார்டு என்றால் காப்பாளரின் பொறுப்பில் இருப்பவர். மைனர் கேள்வியில் சொன்ன கோர்ட் ஆஃப் வார்ட்ஸில் இருப்பதும் இதே சொல்தான். எல்லாப் பிள்ளைகளுக்கும் பெற்றோர் இருப்பார்கள் என்று சொல்ல முடியாதே, சிலர் தாத்தா வீட்டில், சிலர் விடுதியில். அதனால் "பேரன்ட் ஆர் கார்டியன்" என்று எழுதி, பிள்ளையை வார்டு என்று குறிக்கும் பழக்கம் இந்தியப் பள்ளிகளில் நிலைத்துவிட்டது. அமெரிக்கப் பள்ளிக்கு நீங்கள் எழுதும் கடிதத்தில் இது வந்தால், பிள்ளைக்குத் தாய் தகப்பன் இல்லையோ என்று நினைப்பார்கள். அங்கே "மை டாட்டர்" போதும்.

பள்ளிப் பிள்ளைகளைச் சொல்லும் பியூப்பில் என்பதும் லத்தீனில் காப்பாளர் பொறுப்பில் இருந்த அநாதைப் பிள்ளையைக் குறித்ததுதான். கண்ணின் பாப்பாவுக்கும் அதே பியூப்பில்தான் பெயர். எதிராளியின் கண்ணுக்குள் நம் உருவம் குட்டிப் பொம்மையாகத் தெரிவதால், லத்தீன்காரர்கள் சின்னப் பொம்மை என்று பெயர் வைத்தார்கள். நாமும் கண்மணிக்குள் இருப்பதைப் பாவை என்றோம். யாரிடமிருந்தும் யாரும் கடன் வாங்காமல் இரண்டு மொழிக்கும் ஒரே பொம்மை தெரிந்திருக்கிறது.

சைல்டிஷ், சைல்ட்லைக், கிடிஷ், எது திட்டு எது பாராட்டு?

சைல்ட்லைக் பாராட்டு: கள்ளமில்லாத, வியக்கத் தெரிந்த. சைல்டிஷ் திட்டு: வளர்ந்த பிறகும் அடம் பிடிக்கிற. இன்ஃபன்டைல், ஜுவனைல் இரண்டையும் வளர்ந்த ஆளின் நடத்தை மேல் போட்டால் இன்னும் கடுமையான திட்டு. கிடிஷ் நம் நாட்டில்தான் அதிகம் கேட்கிறது. வெளிநாட்டவருக்குப் புரியும், ஆனால் அவர்கள் சைல்டிஷ் என்றுதான் சொல்வார்கள்.

ஆபீஸ்ல 28 வயசுப் பொண்ணை "தட் கேர்ள்"னு சொன்னேன், மூஞ்சிய திருப்பிக்கிட்டாங்க. "அந்தப் பொண்ணு"னு தமிழ்ல சொல்றோமே?

தமிழில் பொண்ணு என்பதற்கு மகள், சிறுமி, கல்யாணப் பெண், வேலைக்குப் போகும் பெண் எல்லாம் பொருந்தும். கேர்ள் அப்படி விரிவதில்லை. (இடைக்கால ஆங்கிலத்தில் ஆண் குழந்தையையும் கேர்ள் என்றார்கள் என்பது வேறு கதை.) அலுவலகத்தில் வளர்ந்த பெண்ணை அப்படிச் சொன்னால் அவரைச் சின்னப்பிள்ளையாக்குவது போலப் படும். "தட் உமன்" என்றால் கறாராகத் தோன்றினால் பெயரைச் சொல்லுங்கள், அல்லது "மை கொலீக்". தோழிகள் தங்களுக்குள் "கேர்ள்ஸ்" என்று கூப்பிட்டுக்கொள்வது வேறு, அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

பையனைக் குறிக்கும் பாய் இன்னும் எச்சரிக்கையாகக் கையாள வேண்டிய சொல். இந்தியாவில் துரைகள் நரைத்த சமையல்காரரைக்கூட "பாய்!" என்றுதான் அழைத்தார்கள். அமெரிக்காவில் கறுப்பின ஆண்களை எந்த வயதிலும் அப்படிக் கூப்பிட்டு இழிவுபடுத்தினார்கள். 1968-இல் மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கழுத்தில் மாட்டிய அட்டையில் "ஐ ஆம் எ மேன்" என்று இருந்தது. அந்த நாலு சொல் பதில் சொன்னது இந்த ஒரு சொல்லுக்கும் சேர்த்துத்தான். டீக்கடையில் வேலை செய்பவரை இன்னமும் "பாய்" என்று அழைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

எனக்கு 17 வயசு. வெளிநாட்டு காலேஜுக்கு என்னைப் பத்தி எழுதணும். "சின்ன வயசுலேர்ந்தே"ங்குறதுக்கு "சின்ஸ் ஐ வாஸ் எ கிட்" போடலாமா? இப்போ நான் யாரு, டீனேஜரா, யங் அடல்ட்டா?

"ஆஸ் எ சைல்ட்" என்று எழுது. கிட் தவறில்லை, கட்டுரை முழுவதும் பேச்சு நடையில் இருந்தால் பொருந்தும்; உன் கட்டுரை அப்படி இல்லை, நான் படித்தேன். "ஃப்ரம் மை சைல்ட்ஹுட் டேஸ்" என்பதில் டேஸ் வீண் சுமை, "சின்ஸ் சைல்ட்ஹுட்" போதும்.

இப்போது நீ யார் என்பதற்கு மேலே சொன்ன சொற்களில் பாதி பொருந்தும். போக்சோவுக்குச் சைல்ட், வங்கிக்கு மைனர், மருத்துவருக்கு அடலசன்ட், ஐ.நா. புள்ளிவிவரத்துக்கு யூத். யங் அடல்ட் என்பது பேச்சில் 18 தாண்டியவரைக் குறிக்கும். புத்தகக் கடையில் மட்டும் 12 முதல் 18 வரை உள்ளவர்களுக்கான அலமாரிக்கு அந்தப் பெயர். உன் கட்டுரையில் இதில் எதுவும் தேவையில்லை. இரண்டாவது பத்தியில் "ஆஸ் எ யூத் ஆஃப் திஸ் நேஷன்" என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை அடித்துவிட்டு, ஏரியில் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்த கதையிலிருந்து நேராகத் தொடங்கு. வியாழக்கிழமைக்குள் திருத்தி எடுத்துக்கொண்டு வா.